ஒன்பது நாளில் தீர்ந்த பால்மாவு

கூத்தாநல்லூர்
12.10.1996

என் லாத்தா பெற்ற ஒரே செல்வமாகிய ஜஸீலாவுக்கும், அவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோன மாப்பிள்ளை ஹம்தானுக்கும், மாமன் மூஸாவின் ஸலாம். கோலாலம்பூரில் நீங்கள் இருவரும், நீ மேய்க்கும் எலிகளும் சௌக்கியமா? இங்கே நானும் வாய்க்கால் தண்ணீரும் சௌக்கியம்.

முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? உன் உம்மா போன வாரம் விழுந்துவிட்டாள். கண்ணாடி அலமாரியின் உச்சியில் இருக்கும் சிங்கப்பூர்க் கடிகாரத்தைத் துடைக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறாள். அந்தக் கடிகாரம் நின்று ஆறு வருடம் ஆகிறது, அதைத் துடைத்து யாருக்கு மணி பார்க்கவோ தெரியவில்லை. இடது தொடை எலும்பு ஒடிந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் ஆகிவிட்டது. உள்ளே வைத்த பிளேட்டையும் ஆணிகளையும் எனக்குக் காட்டினார்கள். வெண்ணாற்றுக்குக் குறுக்கே அதைப் போட்டால் லாரி போகலாம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எலும்பு ஊறிப்போன பிஸ்கட்டா இருக்கு பெரியவரே. வயசான பொம்பளைங்களுக்கு இப்படி ஆயிடும். பிளேட்டு பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஆனா எலும்பு தானாத்தான் கூடணும். பால், முட்டை, மீன் நல்லா குடுங்க. ஜனவரில படம் எடுப்போம். கூடலைன்னா மறுபடி திறக்கணும்."

"திறந்தா?"

"தாங்கணுமே. அத அப்ப பேசுவோம்."

உனக்கு ஒப்பந்தம் மார்ச்சில்தான் முடிகிறது, அதற்கு முன் கிளம்பக் கூடாது என்று உன் உம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீட்டு வேலைக்கு வரும் ராமாயி, காலையிலிருந்து அந்தி மக்ரிப் பாங்கு வரை கூடவே இருக்கிறாள்.

கால் ஒடிந்த எலிகளுக்குப் பால் கொடுக்கும் ஆராய்ச்சியில் வேலை என்று நீ எழுதியபோது நான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு கேட்கிறேன். எந்தப் பால்? எவ்வளவு? எத்தனை நாளில் எலி எழுந்து நடக்கிறது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
கடித்துப் பார்த்தே நெல்லின் ஈரம் சொல்வதில் உலகப் புகழ் பெற்ற தரகன்,
மூஸா மாமா


கோலாலம்பூர்
26.10.1996

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். உங்கள் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

உட்கார்ந்துதான் படித்தேன். அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை எல்லாம் பெட்டை எலிகள். அவற்றின் சினைப்பையை எடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் எலும்பு, உம்மா வயதுப் பெண்களுக்கு ஆவது போலப் பொக்காகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து ஒரு தொடை எலும்பை ஒடித்து உள்ளே கம்பி செருகுவார்கள். அது படித்தவர்கள் வேலை. கூண்டு கழுவுவது, தீனி நிறுப்பது, எழுதி வைப்பது என் வேலை.

ஒரு கூட்டத்துக்குப் புரதம் குறைந்த தீனி. இன்னொன்றுக்கு, பால் திரிந்தால் கட்டியாக ஒதுங்குமே, அந்தப் புரதம். மூன்றாவதற்கு, கட்டிக்கு மேலே வெளிர்பச்சையாகத் தெளிந்து நிற்கும் தண்ணீரில் இருக்கும் புரதம். நம் வீட்டில் அந்தத் தண்ணீரைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றுவோம். பாலில் எது உசத்தி என்று இன்னும் முடிவாகவில்லை. புரதம் குறைந்த கூட்டம் பின்தங்குவது மட்டும் எனக்கே கண்ணால் தெரிகிறது.

எலும்புக்குச் சுண்ணாம்புதானே வேண்டும், புரதம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒடிந்த இடத்தில் முதலில் புரதத்தால் ஒரு வலை பின்னிக்கொள்கிறதாம். சுண்ணாம்பு அதற்குப் பிறகு வந்து படிகிறது. மூங்கில் கட்டாமல் கீற்று வேய முடியாதே, அது மாதிரி.

எலிக்கு வாரக் கணக்கு, மனிதர்களுக்கு மாதக் கணக்கு. எலிக்கு ஆவது உம்மாவுக்கும் ஆகும் என்று சொல்ல என் படிப்பு போதாது. ஆனாலும் ஊருக்கு வரும் ஒருவர் கையில் இரண்டு டின் பால்மாவு கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர், டம்ளருக்கு முப்பது கிராம். கண்ணாடி அலமாரியில் அடுக்க வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் பெருநாளுக்குப் பெருநாள்தான் அந்த வாசலை மிதிப்பீர்கள். கொஞ்ச நாளைக்கு அடிக்கடி போய்ப் பாருங்கள் மாமா.

உங்கள் துஆவை வேண்டும்,
ஜஸீலா


கூத்தாநல்லூர்
20.11.1996

எலும்பு சாம்ராஜ்யத்தின் இளவரசி ஜஸீலாவுக்கு, மாமாவின் ஸலாமும் சர்க்கரை இல்லாத முத்தமும். மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா?

டின்கள் வந்தன. அலமாரிக்குப் போகும் வழியிலேயே மறித்து, ஸ்குரூ டிரைவரால் நானே திறந்தேன். வந்த வாசனைக்குத் தெருவில் கட்டியிருந்த மாடுகள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அன்று முதல் காலையிலும் மாலையிலும் விசாரணை நடக்கிறது. "குடிச்சாச்சா லாத்தா?" என்பேன். "குடிச்சாச்சு" என்பாள். நோட்டில் எழுதிக்கொள்வேன்.

பெருநாளுக்குப் பெருநாள் என்று குத்திக் காட்டியிருந்தாய். இப்போது நான் ஒரு நாளைக்கு நான்கு தடவை போகிறேன் என்பதைச் சரித்திரத்தில் குறித்துக்கொள். ராமாயி போடும் டீயும் ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். அப்படி ஒரு டீயை நான் நாற்பது வருடத்தில் குடித்ததில்லை. டம்ளரைக் கவிழ்த்தாலும் கீழே விழாது, அவ்வளவு கெட்டி.

ஊரே நலம் விசாரிக்க வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நம் வாசலைப் பார்த்தால் செருப்புக் கடை போட்டது போல இருக்கும். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் பழக்கம் நம் குடும்பத்தில் ஏது? உன் உம்மா படுத்தபடியே "ராமாயி, டீ" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் பொதக்குடி வரை கேட்கும். கேட்கிற எனக்கு எலும்பு கூடிவிட்டது என்றே தோன்றும்.

இன்னொரு நல்ல செய்தி. முதல் டின் ஒன்பதே நாளில் தீர்ந்தது. மேட்டூர்த் தண்ணீரைக் கண்ட கடைமடை வயல் மாதிரி எலும்பு பாலை இழுக்கிறது.

உன் பேராசிரியருக்கு ஒரு கேள்வி. எங்கள் முருங்கை முப்பது வருடமாகத் திரிந்த பால் தண்ணீர் குடித்து வளர்ந்தது. அதில் ஒரு காக்கை உட்கார்ந்தால் கிளை ஒடிகிறது. இதற்கு என்ன சொல்கிறார்? எலிகளுக்குப் பெயர் உண்டா என்றும் எழுது.

இங்ஙனம்,
கடைமடை வட்டார எலும்பு ஆராய்ச்சித் துணைத் தலைவர் (தலைவர் நீதான்),
மூஸா மாமா


கோலாலம்பூர்
5.12.1996

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். இருமல் நின்றுவிட்டது. அங்கே மழை அதிகம் என்று வானொலியில் கேட்டோம், வீடு ஒழுகவில்லையே?

முருங்கைக் கேள்வியைப் பேராசிரியரிடம் கேட்டேன். அரை நிமிடம் யோசித்துவிட்டு, முருங்கைக்குத் தொடை எலும்பு இல்லை என்றார். எலிகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். பதினேழாம் எண் எனக்குப் பழக்கம். இன்னும் காலை ஊன்றவில்லை, ஆனால் என்னைக் கண்டால் கூண்டின் ஓரத்துக்கு வந்துவிடும்.

ஒன்பது நாள் என்று எழுதியிருந்தீர்கள். டின் தொள்ளாயிரம் கிராம். நான் சொன்ன அளவுக்குப் பதினைந்து நாள் வர வேண்டும். உம்மா அளவுக்கு மேல் குடித்தால் சந்தோஷம்தான். ஆனால் உம்மா எந்த நாளும் அப்படிக் குடித்துப் பார்த்ததில்லை.

இங்கே கொடுத்த தீனியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாள் காலையில் மீதியை நிறுத்து, அதைக் கழித்தே எழுதுகிறோம். கூண்டுக்கு ஒரு எலிதான். இரண்டை விட்டால் யார் தின்றது என்று தெரியாது. உங்களிடம் சாம்பிள் நெல் நிறுக்கும் தராசு இருக்கிறதே, தினமும் காலையில் டின்னை நிறுத்து எழுதி அனுப்புவீர்களா? இன்னும் எட்டு டின் வருகிறது.

ஸலாமுடன்,
ஜஸீலா


கூத்தாநல்லூர்
24.12.1996

தலைவர் ஜஸீலாவுக்குத் துணைத் தலைவரின் ஸலாம். வீடு ஒழுகவில்லை, என் குடைதான் ஒழுகுகிறது. சம்பா கதிர் விட்டுவிட்டது. உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு கேட்டாயே, யாரிடம் கேட்டாய் தெரியுமா? களத்திலிருந்து மில்லுக்குப் போவதற்குள் மூட்டையில் ஒரு கைப்பிடி குறைந்தாலும், லாரி வரும் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவனிடம். டின்னை வெல்வெட் துணி விரித்துத்தான் நிறுக்கிறேன். பார்க்க ஆட்கள் கூடுகிறார்கள்.

திங்கள் குறைந்தது நூற்று நான்கு கிராம். செவ்வாய் தொண்ணூற்றெட்டு. புதன் தொண்ணூற்றாறு. வியாழன் நூற்றிரண்டு. வெள்ளி நூற்று முப்பத்தைந்து. போன வாரமும் இப்படித்தான், வெள்ளிக்கிழமை ஏறிவிடுகிறது. உன் உம்மாவின் எலும்புக்கு வெள்ளிக்கிழமை தோறும் தனிப் பசி எடுக்கிறது. இதற்கு மார்க்கத்தில் விளக்கம் இருக்குமோ என்று இமாமிடம் கேட்டேன். அவரும் நம் வீட்டில் டீ குடித்துக்கொண்டே யோசித்தார், அகப்படவில்லை.

பதினேழாம் எண் காலை ஊன்றியதா? ஊன்றி நடந்துவிட்டால் அதை எங்கே அனுப்புவீர்கள்?

விடை பெறும்,
எண்களின் சுல்தான்,
மூஸா மாமா


கோலாலம்பூர்
4.1.1997

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். எல்லோரும் நலமா? இங்கே நலம்.

வெள்ளிக்கிழமை எண்ணை மூன்று தடவை படித்தேன். எனக்கும் விளக்கம் அகப்படவில்லை, ஆனால் விட மனமில்லை. இன்னும் இரண்டு வாரம் நிறுத்து எழுதுங்கள்.

நோன்பு வருகிறது. உம்மா நோன்பு வைக்கக் கூடாது. மாத்திரையும் பாலும் தவறக் கூடாது என்று சொல்லுங்கள். படம் எடுத்த அன்றே எழுதிவிடுங்கள்.

பதினேழாம் எண் நேற்று ஒடிந்த காலை ஊன்றியது.

ஜஸீலா


கூத்தாநல்லூர்
19.1.1997

ஜஸீலாவுக்கு ஸலாம். சுகமாக இருங்கள்.

வியாழக்கிழமை படம் எடுத்தோம். எலும்பு கூடவில்லை. ஒடிந்த கோடு அக்டோபரில் இருந்தது போலவே இருக்கிறது. பிப்ரவரிக் கடைசி வரை பார்ப்போம், அதற்கு மேல் திறந்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். திறந்தால் என்ன ஆகும் என்று நான் இந்தத் தடவை கேட்கவில்லை. உன் உம்மா வண்டியில் வரும்போது, டாக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டாள்.

தராசு கெட்டுவிட்டது. நோன்புக்கு முந்தின நாள் வரை நூறு நூறாகக் குறைந்த டின், முதல் நோன்பிலிருந்து ஒரு கிராம் குறையவில்லை. இன்றோடு ஏழு நாள். உன் உம்மா நோன்பு வைக்கவில்லை. மாத்திரை போடுகிறாள். குடிச்சாச்சா என்றால் குடிச்சாச்சு என்கிறாள். தராசைப் பிரித்துத் துடைத்தேன். மில்லிலிருந்து வேறு படிக்கல் வாங்கி வைத்தேன். அதே எடை.

தராசைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

மூஸா


கோலாலம்பூர்
1.2.1997

அன்புள்ள மாமாவுக்கு, ஸலாம். நோன்பில் உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது.

தராசு நன்றாகத்தான் இருக்கிறது மாமா.

நோன்பு பிறந்ததும் அந்த வீட்டில் பகலில் என்ன மாறியது என்று எழுதிப் பார்த்தேன். நலம் விசாரிக்க வருகிறவர்கள் வருகிறார்கள். ஆனால் யாரும் டீ குடிப்பதில்லை. நீங்களும் குடிப்பதில்லை. நோன்பு திறந்தபின் எல்லோருக்கும் பள்ளிவாசல் கஞ்சியும் டீயும் இருக்கிறது. பால் குடிக்கக்கூடியவர் உம்மா ஒருவர்தான். டின் குறையவில்லை.

இதற்கு மேல் நான் எழுதினால் மரியாதையாக இருக்காது. ராமாயியிடம் கேளுங்கள்.

உங்கள் மேல் மாறாத அன்புடன்,
ஜஸீலா


கோலாலம்பூர்
23.2.1997

மாமா, ஸலாம்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. பெருநாள் வாழ்த்துகூட வரவில்லை. நான் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள். உம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி போதும்.

ஜஸீலா


கூத்தாநல்லூர்
3.3.1997

மருமகள் ஜஸீலாவுக்கு, மாமாவின் ஸலாம். பெருநாள் வாழ்த்து மூன்று வாரம் பழையது, இருந்தாலும் ஏற்றுக்கொள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே ராமாயியைக் கேட்டேன்.

"நாளைக்கு எத்தன டீ போடுவே?"

"எண்ணிக்கிட்டா போட்டேன்? நீங்க ஒருத்தரே நாலு. வர்றவங்க ஒரு எட்டு. வெள்ளிக்கெழமன்னா கேக்கவே வேணாம்."

"லாத்தா?"

"அவங்களுக்கு எங்க? பால ஆத்திக் கொண்டுபோய் வச்சா, மூஸா வர்ற நேரம், அத டீல ஊத்தும்பாங்க. ராத்திரிக்கு ஆத்தி மூடி வச்சுட்டுப் போவேன், காலைல அது அப்படியே இருக்கும், அதுவும் உங்க மொத டீக்குத்தான். நோம்புல இந்தப் பேச்சும் இல்ல. யாருக்காக ஆத்தப் போறே, விடுன்னுட்டாங்க."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா நீ?"

"சொல்லத்தான் நெனச்சேன். நீங்க டம்ளர கீழ வச்சாத்தானே?"

உள்ளே போய் உன் உம்மாவிடம் சண்டை போட்டேன். "வந்தவங்களுக்குப் பால் இல்லாத டீயா குடுக்கச் சொல்றே? இந்தக் கமருன்னிஸா வீட்ல அப்படி ஒரு பேச்சு வரவா?" என்றாள். எனக்காவது கொடுத்திருக்கலாமே என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கணக்குப் பார்த்தேன். நாளைக்கு நாலு, அறுபது நாளைக்கு இருநூற்று நாற்பது டீ. மூட்டைக்கு ஒரு கைப்பிடி குறைந்ததற்காக ஆட்களைத் திருடன் என்று களத்திலேயே ஏசியிருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் இந்த எண்தான் பேனாவில் வந்தது. அதனால்தான் எழுதவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்தே சும்மா இல்லை. நோன்பிலும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, இரவு தராவீஹ் தொழுகை முடிந்து ஒரு தடவை போனேன். டம்ளரைக் கையில் கொடுத்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். குடித்ததும் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பேன். மீதி, பூஜ்யம். பெருநாளன்று வந்த அத்தனை பேருக்கும் இஞ்சி தட்டிப் போட்ட டீ, பால் கிடையாது. உன் உம்மா வெட்கத்தில் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். டின் என் பொறுப்பில், மெழுகு முத்திரையோடு. கஜானாவுக்குக்கூட அப்படி ஒரு காவல் இருந்திருக்காது. நலம் விசாரிக்கும் கூட்டத்தில் பாதி நின்றுவிட்டது. நானும் இஞ்சி டீதான். கஷாயத்துக்கு அது தம்பி.

போன வியாழக்கிழமை மறுபடி படம் எடுத்தோம். கோட்டின் மேல், கஞ்சி ஆறும்போது ஆடை படியுமே, அப்படி ஒரு வெள்ளை. டாக்டர் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. கத்திய தள்ளி வைப்போம். வாக்கர்ல நிக்கப் பழக்குங்க" என்றார்.

"பாலாலயா டாக்டர்?"

"பாலும்தான், நாளும்தான். எதுனால கூடுனேன்னு எலும்பு எழுதியா குடுக்கும்?"

பதினேழாம் எண்ணை நடந்தபின் எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

உன் மன்னிப்பை, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்,
முன்னாள் சுல்தான், இந்நாள் டின் காவலன்,
மூஸா மாமா


கூத்தாநல்லூர்
17.3.1997

அன்பு மகள் ஜஸீலாவுக்கு உம்மாவின் ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உட்கார்ந்து எழுதுகிறேன். மாதக் கடைசியில் வருகிறாயாம். வா. பால்மாவு கொண்டு வா. இந்தத் தடவை எனக்கென்று கேட்கிறேன்.

எலியைப் பற்றி மாமா கேட்பதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரிகிறது. அவனுக்குச் சொல்லாதே.

எனக்குப் பால் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. பிடிக்கும். உன் அத்தா மவுத்தாகி ஒன்பது வருடம், நீ போய் நாலு வருடம். இந்த வீட்டுக்குப் பெருநாளுக்குப் பெருநாள்தான் ஆள் வரும். மூஸாவும் அப்படித்தான், மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு. கால் ஒடிந்த பிறகு எல்லோரும் வந்தார்கள். முதல் வாரம் போனதும் குறைய ஆரம்பித்தது. அப்போதுதான் உன் டின் வந்தது. முதல் நாள் டீ குடித்துவிட்டு, "நாளைக்கும் வரேன் லாத்தா" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ராமாயியிடம் மாவை அள்ளிப் போடச் சொன்னது நான்தான். மாவு தீர்ந்தால் வர மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பாதிப் பேர் வராமல் போனது உண்மைதான்.

மூஸா காலையில் வந்து எனக்குப் பாலை ஆற்றித் தருகிறான். தனக்கு இஞ்சி டீ. ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளிக்கிறான். "இதக் குடிக்கவா வர்றே?" என்று கேட்டால், "ஆராய்ச்சி, லாத்தா" என்கிறான். முன்பு நாலு தடவை வந்தான். நேற்று எண்ணினேன், ஐந்து தடவை வந்துவிட்டான். ஐந்தாவது தடவை அவன் வந்தபோது ராமாயி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். எப்போதும் கொண்டுவரும் சாவியை மறந்துவிட்டு, வாசலிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

துஆவுடன்,
உம்மா